போளூர் வட்டாரத்து நடுகற்களும் ஊர் அருங்காட்சியகமும்

ஆநிரையைக் கவரவோ மீட்கவோ போய் மாண்டவனின் உருவத்தையும் பெயரையும் பலகைக் கல்லில் வெட்டி, ஊரார் நட்டுவைத்த நினைவுச் சின்னமே நடுகல். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளுள் ஒன்று ஜவ்வாது மலையின் சுற்றுவட்டாரம். மலைக்கு இந்தப்பக்கம் போளூர், கலசப்பாக்கம், செங்கம், தண்டராம்பட்டு. அந்தப்பக்கம் திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர், தருமபுரி. இந்த வட்டாரத்தில் பழங்காலத்து மேய்ப்பர்களும் ஊர்க் காவலர்களும் பெயரோடு பதிவாகியிருப்பது பெரும்பாலும் இக்கற்களில்தான். வடதமிழகத்துச் சிறு அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போகிறவர் முற்றத்திலேயே சந்திக்கும் பொருளும் பல இடங்களில் நடுகல்லாகவே இருக்கும். கல் வயலில் நின்ற காலம், கோயிலில் நின்ற காலம், அருங்காட்சியகத்துக்கு வந்த காலம் என்று அதன் வாழ்க்கைக்கு மூன்று நிலைகள் உண்டு.

நிலமும் மாடும்

போளூர், திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூர்ச் சாலையில் இருக்கிறது. மேற்கே ஜவ்வாது மலைத்தொடர். அங்கிருந்து இறங்கும் செய்யாறு செங்கம், கலசப்பாக்கம் வழியாக ஓடிக் கடைசியில் பாலாற்றில் சேர்கிறது. அதே மலையில் தோன்றும் கமண்டல நாகநதி, படைவீட்டைக் கடந்து ஆரணிப் பக்கம் போய்ச் செய்யாற்றில் கலக்கிறது. ஆற்றோரம் நெல் விளையும். மலையடிவாரமோ மேய்ச்சல் காடு.

சங்க இலக்கியத்தில் இந்நிலத்துக்குப் பல்குன்றக் கோட்டம் என்று பெயர். செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னன் மீது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், அவனுடைய ஊருக்குப் போகும் வழியைக் கூத்தர்களுக்கு விவரிக்கும் ஆற்றுப்படை. செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலையைக் கலசப்பாக்கத்துக்கு அருகே உயர்ந்து நிற்கும் பர்வதமலையாகக் கொள்வது வழக்கம். சேயாறும் அதில் வருகிறது. வழி பிரியும் இடங்களில், மாண்ட மறவர்களின் பெயர் பொறித்து நட்ட கற்கள் எண்ணற்று இருக்கும் என்று அந்நூல் கூத்தர்களுக்குச் சொல்லிவைக்கிறது. பிற்காலத்தில் தொல்லியலாளர்கள் கல் தேடிப் போனதும் ஏறக்குறைய அதே நிலப்பரப்பில்தான்.

மேய்ச்சல் நிலத்தில் மாடுதான் செல்வம். நெல்லைக் களஞ்சியத்தில் பூட்டலாம். மந்தையைப் பூட்ட முடியாது. இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போனால் ஓர் ஊரின் முதல் முழுவதும் போய்விடும். நிரை கவர்வதை வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்பதைக் கரந்தை என்றும் இலக்கணம் வகுத்தது. கல்வெட்டு மொழியில் மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். தொறு கொண்டபோது பட்டவன், தொறு மீட்டுப் பட்டவன் என்று இரண்டு தரப்பாருக்கும் கல் உண்டு. ‘பட்டான்’ என்றால் மாண்டான்.

கல்லின் அமைப்பு

மாண்டவனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகச் சொல்கிறது: தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, எடுத்துவரத் தொடங்குவது கால்கோள், நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை, நிறுத்துவது நடுதல், படையல் இட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை, போற்றிப் பாடுவது வாழ்த்து. பாறையிலிருந்து பெயர்த்த ஒரு கல், இந்த ஆறு படிகளையும் தாண்டியபின் ஊரார் வணங்கும் பொருளாகிவிடுகிறது.

செங்கம் பகுதிக் கற்கள் பெரும்பாலும் மெருகேற்றாத பலகைகள். ஒரு முகத்தில் மட்டும் வீரனின் உருவம் மேலெழும்படி சுற்றிலும் செதுக்கியிருப்பார்கள். கையில் வில்லோ வாளோ கேடயமோ இருக்கும்; சில கற்களில் அவன் உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலருகே சிறு சிமிழும் கெண்டியும் காட்டுவது உண்டு. தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ சில வரி எழுத்து. அந்த வரிகள் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் அமைந்தவை: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் கீழ், யாருடைய சேவகன், எந்த ஊரில், எந்தச் சண்டையில் பட்டான். புகழ்ச்சிச் சொல் அரிது. அரசனின் பெயர் ஆண்டு குறிக்கவே வருகிறது. கல் மாண்டவனுக்கு உரியது.

எடுத்தனூர் நாய்

இந்த வாய்பாட்டுக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்பதற்குச் செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர்க் கல் நல்ல சான்று. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரிடம் இளமகனாக, அதாவது சேவகனாக, இருந்தவன் கருந்தேவகத்தி. எருமைகளுக்காக நடந்த சண்டையில் அவன் பட்டான் என்று கல் சொல்கிறது.

அத்தோடு நின்றிருந்தால் அது நூறு கற்களில் ஒன்று. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கெனத் தனியாகச் சில சொற்கள். நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பது செய்தி. பல்லவப் பேரரசனின் பெயர், வாணர் குலத் தலைவனின் பெயர், சேவகனின் பெயர், நாயின் பெயர் ஆகிய நான்கும் ஒரே பலகையில் நிற்கின்றன. மகேந்திரவர்மன் குகைக் கோயில்கள் குடைவித்த அதே ஆட்சிக் காலத்தில், அவனுடைய நாட்டின் மேற்கு ஓரத்தில் எருமைக்காக ஆள் மாண்டதையும், அந்த ஊர் ஒரு நாயைப் பெயர் சொல்லி நினைவு வைத்ததையும் இந்தக் கல் இல்லாமல் அறிய வழியில்லை.

விலங்குக்கும் பறவைக்கும் கல் எடுப்பது இந்தப் பக்கம் அதிசயம் இல்லை. அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சண்டைச் சேவல்களுக்கு எடுத்த கற்கள் கிடைத்திருக்கின்றன. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. அது கீழ்ச்சேரிக் கோழி. அரசலாபுரத்துச் சேவல் மேற்சேரியைச் சேர்ந்தது. சேரிக்குச் சேரி போட்டிபோட்ட ஊர் விளையாட்டு கல்லேறியிருக்கிறது.

எழுத்தும் காலமும்

இக்கற்களின் எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து. தமிழ் பிராமியிலிருந்து வளைந்து உருண்டு வளர்ந்த எழுத்து இது. பல்லவ அரசவை சாசனங்களைக் கிரந்தத்திலும் தமிழ் எழுத்திலும் வெட்டிக்கொண்டிருந்தபோது, அதே பல்லவரின் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் ஜவ்வாது மலையோர ஊர்கள் வட்டெழுத்தில் எழுதின. நாளடைவில் இந்த வட்டாரத்திலும் வட்டெழுத்து மறைந்து தமிழ் எழுத்து நிலைத்தது. ஆகவே ஒரு கல்லில் அரசன் பெயர் அழிந்து போயிருந்தாலும், எழுத்தின் வடிவை வைத்தே அதன் காலத்தை ஏறக்குறைய வரையறுக்க முடிகிறது.

உருவமே இல்லாமல் பெயரும் செய்தியும் மட்டும் வெட்டிய கற்கள் இவற்றுக்கும் முந்தியவை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தபின், ஆகோளில், அதாவது நிரை கவர்தலில், பட்டவனுக்குக் கல் நடும் வழக்கம் சங்க காலத்தது என்பதற்கு நேர்ச் சான்று வந்தது. பெயர் மட்டும் இருந்த கல்லில் உருவம் சேர்ந்து, பிறகு வீரனைத் தேவமகளிர் விண்ணுலகுக்கு எடுத்துச் செல்லும் காட்சியும் ஏறியது பிற்கால வளர்ச்சி.

கல் வேடியப்பன் ஆனது

வட்டெழுத்து வழக்கொழிந்தபின் ஊராரால் தங்கள் கல்லைப் படிக்க முடியாமல் போனது. வணக்கம் மட்டும் நிற்கவில்லை. கையில் வில்லோடு நிற்கும் உருவம் வேட்டுவத் தெய்வமாகி, செங்கம், தருமபுரிப் பக்கங்களில் வேடியப்பன் என்ற பெயர் பெற்றது. ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் வயல் வரப்பிலும் இருக்கும் வேடியப்பன் கோயில்களில் பலவற்றின் மூலவர் பழைய நடுகல்தான். கருந்தேவகத்தியைப் போன்ற ஒருவனின் பெயர் மறைந்து, அவன் உருவம் மட்டும் குலதெய்வமாக நின்றது.

வணக்கம் கல்லைக் காத்தது. அதே வணக்கம் எழுத்தை மூடியது. வழிபாட்டில் இருந்த கல்லை யாரும் உடைக்கவில்லை, கிணற்றுப் படிக்கோ மதகுக்கோ கொண்டுபோகவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் பூசிய எண்ணெயும் மஞ்சளும் விளக்குப் புகையும் இறுகி எழுத்தின் பள்ளங்களை அடைத்துவிட்டன. சில இடங்களில் உருவத்தின் மேல் வண்ணமும் ஏறியிருக்கும். வழிபாடு இல்லாத கற்களின் கதை வேறு. வயலில் உழவுக்கு இடைஞ்சலாக நின்ற பலகைகள் வரப்பு ஓரத்துக்குத் தள்ளப்பட்டன; துணி துவைக்கவும், வாய்க்காலைக் கடக்கவும் தட்டையான கல் எப்போதும் பயன்படும்.

திருமலை: இடம் பெயராத ஏடு

போளூருக்கும் ஆரணிக்கும் இடையில் வடமாதிமங்கலத்துக்கு அருகே திருமலை என்னும் சமணத் தலம் இருக்கிறது. பாறையில் செதுக்கிய நேமிநாதர் உருவம், குகை அறைகள், ஓவியங்கள், குந்தவை ஜினாலயம் ஆகியவை ஒரே குன்றில் அமைந்துள்ளன. குந்தவை, முதலாம் இராஜராஜனின் தமக்கை. மலையைச் சார்ந்த வைகாவூர் அந்நாளில் முகைநாட்டில் இருந்தது என்கின்றன அங்குள்ள கல்வெட்டுகள்.

முதலாம் இராஜேந்திரன் காலத்துப் பாறைக் கல்வெட்டு ஒன்று திருமலைக்குத் தனிப் பெயர் தேடித் தந்தது. கங்கைப் படையெடுப்பில் சோழர் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி அதில் முழுமையாக இருக்கிறது. வங்காள தேசம், தக்கணலாடம், உத்திரலாடம் என்று கிழக்கிந்திய வரலாற்றை எழுதுவோரும் எடுத்தாளும் பெயர்கள் அவை. ஆனால் அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்ட காரணம் வேறு. நன்னப்பையன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிய 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள். அந்தக் கொடையைப் பதிவதற்காகவே கல் வெட்டினார்கள். அரசனின் வெற்றிப் பட்டியல் ஆண்டு சொல்லும் முகப்பாக முன்னால் நின்றது. நடுகல்லில் உள்ள அதே வரிசைதான்: முதலில் அரசன், பிறகு விஷயத்துக்குரிய ஆள்.

அதே மலையில், தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததைச் சொல்லும் சாசனமும் இருக்கிறது. படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட சம்புவராயர் காலத்துக் கல்வெட்டும் உண்டு. கட்டடத்துக்குள் எதையும் கொண்டுவராமல், எழுதிய இடத்திலேயே பல நூற்றாண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறது திருமலை.

தேடலும் மைப்படியும்

இந்த எழுத்துகளை முறையாகப் படிக்கும் வேலை 1880களில் தொடங்கியது. 1886இல் அரசுக் கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்தப்பட்ட ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ், திருமலைச் சாசனங்களைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியிலேயே 1890இல் வெளியிட்டார். கோயில் சுவர்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம் வயலில் நின்ற நடுகற்களுக்குக் கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1961இல் தமிழ்நாட்டுக்கெனத் தனித் தொல்லியல் துறை அமைந்தது. இரா. நாகசாமியின் தலைமையில் துறையினர் செங்கம் வட்டாரத்து ஊர்களில் தேடித் திரட்டியவை, 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாயின. நடுகல்லை மட்டுமே பொருளாகக் கொண்ட தொகுப்பு ஒன்று வந்தபின், தருமபுரியிலும் பிற மாவட்டங்களிலும் தேடல் வேகம் பெற்றது.

கல்லில் உள்ளதைத் தாளுக்கு மாற்றும் முறை பெரிதும் மாறவில்லை. முதலில் கல்லை நீர் ஊற்றித் தேய்த்து, பள்ளங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் போகக் கழுவ வேண்டும். இதற்காகவே உள்ள உறுதியான தாளை நனைத்துக் கல்லின்மேல் விரித்து, தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தால், அடியில் சிக்கிய காற்று வெளியேறி, ஈரத்தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். தாள் ஓரளவு உலர்ந்ததும் மை தோய்த்த துணிப்பொதியால் ஒற்ற வேண்டும். மேடெல்லாம் கறுப்பு, பள்ளமெல்லாம் வெள்ளை. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து எழுந்து நிற்கும். மை அதிகமானால் பள்ளத்துக்குள் இறங்கி எழுத்து மூடிக்கொள்ளும். ஈரம் மிஞ்சினால் தாள் கிழியும். உலர்ந்த தாளை உரித்தெடுத்தால் அதுவே மைப்படி. கல் பின்னால் அழிந்தாலும் மைப்படி இருந்தால் வாசகம் தப்பும். மைசூரில் உள்ள மத்தியக் கல்வெட்டுப் பிரிவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டதற்கும் இந்த மதிப்பே காரணம்.

பெரிய அருங்காட்சியகமும் சிறியவையும்

தமிழ்நாட்டில் அருங்காட்சியக வரலாறு 1851இல் சென்னையில் தொடங்குகிறது. சென்னை இலக்கியச் சங்கத்திடம் இருந்த நிலவியல் மாதிரிகளைக் கொண்டு, மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் அது திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. மாகாணம் முழுவதிலிருந்தும் சிலைகளும் காசுகளும் செப்பேடுகளும் அங்கே குவிந்தன. இதற்குச் சட்டமும் வழி செய்தது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். கிணறு வெட்டும்போது கிடைத்த செப்புத் திருமேனி தாசில்தார் அலுவலகம் வழியாக அருங்காட்சியகம் போய்ச் சேர்வது இப்படித்தான்.

சென்னைக்கு வெளியே புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1910இல் தனக்கென ஒன்றை அமைத்தது. மாவட்டந்தோறும் சிறு அருங்காட்சியகம் என்ற நிலை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருவாயிற்று. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், அந்தப் பகுதி நடுகற்களைத் திரட்டி வைத்தது. வேலூரில் 1985இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இப்போது கோட்டைக்குள் இயங்குகிறது. அது தொடங்கியபோது போளூரும் ஆரணியும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1989 செப்டம்பர் 30 அன்று அம்மாவட்டம் பிரிந்து, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் தனியானது.

வேலூர்க் கூடத்தில் பொருள்கள் அடுக்கப்பட்டிருப்பதே வட்டாரத்தின் வரலாற்றுச் சுருக்கம். கைப்பிடி இரு கொம்பாகப் பிரியும் பழைய வாள் ஒரு முனை. பிற்காலப் பல்லவர் காலம் முதலான கற்சிற்பங்கள் நடுவில். வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்த கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோடு தொடர்புடைய தந்தச் சதுரங்கப் பலகை மறுமுனை. இலங்கை வரலாற்றின் ஒரு துண்டு இந்த ஊருக்கு உரியதாகிவிட்டது. அதை இங்கே வைத்துப் பார்த்தால்தான் கோட்டைச் சுவரும் பலகையும் ஒன்றையொன்று விளக்கும்.

காட்சிக்கூடத்தில் கல்லைப் படித்தல்

அருங்காட்சியக நடுகல்லின் கீழே உள்ள விவரப் பலகையில் பொதுவாக நான்கு செய்திகள் இருக்கும்: கிடைத்த ஊர், காலம், எழுத்து, வாசகத்தின் சுருக்கம். இவற்றில் பார்வையாளர் எளிதில் தாண்டிப் போவது ஊர்ப் பெயர். ஆனால் நடுகல்லைப் பொறுத்தவரை முதன்மையான செய்தி அதுவே. கல் நின்றது மலைக்கணவாய் வாயிலா, ஆற்றுத் துறையா, இரண்டு நாடுகளின் எல்லையா என்று தெரிந்தால், மாட்டை எந்த வழியாக ஓட்டினார்கள், எங்கே மடக்கினார்கள் என்பது விளங்கும். ஒரே சண்டையில் மாண்ட பலருக்கு அடுத்தடுத்து நட்ட கற்களைப் பிரித்து வெவ்வேறு கூடங்களில் வைத்தால், சண்டையின் அளவே தெரியாமல் போகும்.

எனவே வழிபாட்டில் உள்ள கல்லை எடுத்துவர வேண்டியதில்லை. மைப்படி எடுத்து, நிழற்படமும் இருப்பிட வரைபடமும் கூடத்தில் வைத்தால் கல் ஊரிலேயே இருக்கலாம். வரப்பில் விழுந்து கிடப்பதும் மதகில் பதிந்திருப்பதும் கூடத்துக்கு வரத் தக்கவை. உருவத்தைப் பார்க்க வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேர் வெளிச்சத்தில் ஆழமில்லாத வட்டெழுத்து கண்ணுக்கே படாது. காலை, மாலைச் சாய்வெயிலில் அதே கல் வாசிக்கக் கிடைக்கும்.

தறியும் கல்லும்

மேய்ப்பனுக்குக் கல் இருக்கிறது, நெசவாளிக்கு இல்லை. பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகாது. தறி மரம், கரையான் அரிக்கும். அச்சும் நாடாவும் தேய்ந்தால் மாற்றிவிடுவார்கள். சேலை கிழிந்தால், ஜரிகையை வெள்ளிக்காக உருக்கிவிடுவார்கள். பழைய சாசனங்களில் நெசவு தலைகாட்டுவது பெரும்பாலும் வரிப் பட்டியலில்தான்: தறி இறை, தறிக்கடமை. எத்தனை தறி, என்ன வரி என்ற கணக்கில் நெய்தவர்களின் பெயர் வர வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே இந்தப் பகுதியில் அமையும் ஊர் அருங்காட்சியகத்துக்கு இரண்டு வேறு வேலைகள். நடுகல்லுக்கு அது இருப்பிடத்தையும் வாசகத்தையும் காக்க வேண்டும். நெசவுக்கோ பொருளையே புதிதாகத் திரட்ட வேண்டும்: குழித்தறி ஒன்று, பாவு ஓட்டும் கருவிகள், விழுதுக் கட்டுகள், கரையும் உடலும் சேரும் கோர்வையின் மாதிரி, கூலிக் கணக்குச் சிட்டை, டிசைன் வரைந்த கட்டத்தாள். ஒவ்வொன்றோடும் அதைக் கையாண்டவரின் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதப்பட வேண்டும். எடுத்தனூர்க் கல்லில் இருப்பதும் அந்த விவரங்களே; அவை இருந்ததால்தான் 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்த நாயின் பெயர் கோவிவன் என்று சொல்ல முடிகிறது.